மது நுழையாத ஊர்

சிகாகோ நகரத்தின் வடக்கு எல்லையைத் தாண்டியதும், மிச்சிகன் ஏரிக்கரையில் எவன்ஸ்டன் என்ற ஊர் இருக்கிறது. இங்கே கல்லூரி முந்தியது, ஊர் பிந்தியது. 1851-இல் மெதாடிஸ்டுக் கிறிஸ்தவர்கள் சிலர் நிறுவிய நார்த்வெஸ்டர்ன் சர்வகலாசாலையைச் சுற்றித்தான் வீடுகளும் வீதிகளும் எழுந்தன. பிள்ளைகள் கெட்டுப்போகாதிருக்க வேண்டுமே என்ற கவலை அந்தப் பெரியவர்களுக்கு. ஆகவே சர்வகலாசாலையிலிருந்து நான்கு மைல் தூரத்துக்குள் யாரும் மது விற்கலாகாது என்று 1855-இல் சட்டம் செய்துகொண்டார்கள். 1972 வரையில் அவ்வூரில் மது விற்பனைக்கு வழி பிறக்கவில்லை. இந்த ஊரின் சரித்திரத்தை நான் ஆசையோடு படிக்கத் தொடங்கியதற்குக் காரணமே அந்த நான்கு மைல்தான்.

அப்படிப்பட்ட இடத்தில் பிரான்ஸிஸ் வில்லர்டு வாழ்ந்தது பொருத்தமே. 1879 முதல் 1898-இல் இறக்கும் வரையில், அமெரிக்க மாதர்களின் மதுவிலக்குச் சங்கத்துக்குத் தலைவியாக இருந்தவர் அவர். மதுவோடு நின்றாரில்லை, பெண்களுக்கு வாக்குரிமை வேண்டுமென்றும் ஊர் ஊராகச் சென்று பேசினார். ஐம்பத்து மூன்றாம் வயதில் ஸைக்கிள் விடக் கற்றுக்கொண்டு, அதைப் பற்றி ஒரு புத்தகமும் எழுதினார். அந்தக் காலத்து நீண்ட பாவாடையோடு அதைச் சாதித்தாரே, அதுவே தனி வீரம்!

உப ஜனாதிபதியாக இருந்தவரும் நோபல் சமாதானப் பரிசு பெற்றவருமான சார்லஸ் டாஸும் இவ்வூர்வாசிதான். சங்கீதப் பித்தர், அவர் இயற்றிய மெட்டு ஒன்று, அவர் காலத்துக்குப் பின் சினிமாப் பாட்டுப்போல ஊரெங்கும் ஒலித்தது.

ஆனால், ஊருக்குப் பெயர் தந்த ஜான் எவன்ஸிடம் வரும்போது நெஞ்சு கனக்கிறது. வைத்தியர், சர்வகலாசாலையை ஸ்தாபித்தவர்களில் ஒருவர். பிற்பாடு கொலராடோ பிரதேசத்தின் கவர்னரானார். அவர் ஆட்சியில், 1864 நவம்பரில், ஸாண்டு கிரீக் என்னுமிடத்தில் படைவீரர்கள் ஷையேன், அராபாஹோ இனத்தாரின் கூடாரங்களைத் தாக்கிப் பெண்களையும் குழந்தைகளையும் கிழவர்களையும் கொன்று குவித்தார்கள். மறு வருஷம் எவன்ஸ் பதவியிழந்தார். பெயரோ ஊரில் நிலைத்துவிட்டது.

வில்லர்டு அம்மையாரின் புகழிலும் ஒரு கீறல் உண்டு. தெற்குப் பிரதேசங்களில் வெள்ளையர் கும்பல் கூடிக் கறுப்பு மக்களைத் தூக்கிலிட்டு வந்த காலம் அது. அந்த மக்களைக் குடிகாரர்களாகச் சித்திரித்து அவர் பேசியதை, ஐடா வெல்ஸ் என்ற கறுப்புப் பெண்மணி 1894-இல் லண்டனிலேயே பகிரங்கமாக எடுத்துக்காட்டிக் கண்டித்தார். வில்லர்டு வாழ்ந்த வீட்டைக் காட்சிசாலையாக நடத்துகிறவர்கள் இச்சச்சரவை மறைக்காமல் வெளியிட்டிருப்பது அவர்களுக்குப் பெருமையே.

மதுவுக்கு விதித்த எல்லை சட்டத்தில் இருந்தது. மனிதர்களுக்கு விதித்த எல்லையோ வீட்டுப் பத்திரங்களிலும், பாங்கிக்காரர்களின் மனத்திலும், தரகர்களின் நாவிலும் இருந்தது. கறுப்பு மக்கள் ஊரின் மேற்கே ஒரு மூலைக்கு ஒதுக்கப்பட்டார்கள். வியாதி வந்தால் ஊர் வைத்தியசாலைகளில் அவர்களுக்குப் படுக்கை கிடையாது.

அவ்வூரிலேயே 1872-இல் பிறந்தவர் இஸபெல்லா கார்னெட். படித்து வைத்தியரானார். 1914-இல் அவரும், வைத்தியரான அவர் கணவர் ஆர்தர் பட்லரும் தங்கள் சொந்த வீட்டையே வைத்தியசாலையாக்கினார்கள். படுத்துறங்கும் அறையில் நோயாளி; சமையற்கட்டுக்கு அப்பால் பிரசவ வேதனை. குடும்பம் நடத்துகிறவர்களுக்கு இதன் கஷ்டத்தை விளக்க வேண்டியதில்லை. எவன்ஸ்டனின் பெரியோர் வரிசையில் உப ஜனாதிபதிக்கு முன்னால் இந்த அம்மாளைத்தான் உட்கார வைப்பேன்.

1919 முதல் 1969 வரை வீட்டு விஷயத்தில் இழைத்த அநீதிக்கு ஈடு செய்வதென்று, பிற்பாடு அந்நகரசபையே முன்வந்தது. ராபின் ரூ ஸிம்மன்ஸ் என்ற அங்கத்தினர் இதற்காக உழைத்தார். 2019-இல் ஒரு கோடி டாலர் ஒதுக்கத் தீர்மானித்தார்கள். 2021-இல் வீட்டுக் காரியத்துக்காக ஆளுக்கு 25,000 டாலர் என்று முதல் திட்டம் நிறைவேறியது. பணத்துக்கு வழி? கஞ்சா விற்பனையின் மீது வரி! நான்கு மைல் சட்டம் இயற்றிய பெரியவர்கள் கேட்டிருந்தால் மூர்ச்சித்திருப்பார்கள்.

2022 ஜனவரியில் சீட்டுக் குலுக்கிப் பதினாறு பேரை முதலில் தேர்ந்தெடுத்தார்கள். மனுச் செய்தவர்களில் மூத்தவர்கள் பலர் தள்ளாத வயதினர். தங்கள் முறை வருவதற்குள் கண்ணை மூடிவிட்டவர்களும் அவர்களில் உண்டு.