பெயர்ப்பட்டியலும் பூட்டும்

பெயர்கள் எழுதப்பட்ட பட்டியல் ஒன்று நன்மை பயப்பதா, தீமை பயப்பதா என்பது அது எவர் கையில் இருக்கின்றது என்பதைப் பொறுத்ததாகும். 2024 ஆம் ஆண்டின் குடித்தொகைக் கணக்கெடுப்பிற்காக வல்வெட்டித்துறையின் ஒழுங்கைகளில் உத்தியோகத்தர்கள் வீடு வீடாகச் சென்றபோது அவர்கள் ஏந்திச் சென்றது காகிதக் கட்டு அன்று. 'ரப்' என்று ஊரார் கூறும் கைக்கணினி. இலங்கையின் கணக்கெடுப்பு வரலாற்றில் இக்கருவி பயன்பட்டது இதுவே முதன்முறை.

வடபுலத்து மக்கள் எண்ணப்பட்டது அரிது, பதியப்பட்டதோ அடிக்கடி. 1981 இல் முழுமையான கணக்கெடுப்பு நிகழ்ந்தது. 1991 இல் நாட்டில் எங்குமே நிகழவில்லை. 2001 இல் 18 மாவட்டங்களில் மட்டுமே அது நிறைவுற்றது. யாழ்ப்பாணம் அவற்றுள் ஒன்றன்று. மீண்டும் முழுமையாக எண்ணப்பட 2012 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆனால் பட்டியல்கள் மட்டும் எக்காலத்தும் இருந்தன. 1983 யூலையில் கொழும்பில் வன்முறைக் கும்பல்கள் வாக்காளர் இடாப்பைக் கையில் வைத்துக்கொண்டே தமிழர் வீடுகளை இனங்கண்டன. வாக்களிக்கும் உரிமைக்காக எழுதப்பட்ட பெயர்களே வீட்டைக் கொளுத்துவோர்க்கு வழிகாட்டியாயின. போர் முடிந்து ஈராண்டுகள் நிறைவுறாத நிலையில், 2011 இன் தொடக்கத்தில், யாழ்ப்பாணத்தில் படையினர் குடும்ப விபரங்களைத் திரட்டியதும், அதற்கெதிராக உயர் நீதிமன்றில் வழக்குத் தொடரப்பட்டதும் பலர்க்கு நினைவிருக்கும். 1989 ஆகஸ்ட்டில் இந்திய அமைதிப் படையினரால் ஐம்பதுக்கும் மேற்பட்ட பொதுமக்களைப் பறிகொடுத்த ஊர் வல்வெட்டித்துறை. இத்தகைய ஊரில் "வீட்டில் எத்தனை பேர்?" என்ற வினா வெறும் எண்ணைக் கேட்கும் வினாவாக ஒருபோதும் அமைவதில்லை.

ஒரு முற்றத்தில், எல்லா வினாக்களுக்கும் பொறுமையாக விடையிறுத்த மூதாட்டி ஒருவர் இறுதியில் தாமும் ஒன்று கேட்டார்:

"தம்பி, உது துலைஞ்சு போனால் எங்கட பேரெல்லாம் ஆரின்ர கையிலை போய்ச் சேரும்?"

"அதுக்குப் பூட்டு இருக்கு, ஆச்சி. எடுத்தவை ஒண்டும் பாக்கேலாது."

"பூட்டெண்டால் திறப்பும் இருக்குமெல்லோ? அது ஆரிட்டை?"

உத்தியோகத்தர் சிரித்துக்கொண்டே எழுந்து சென்றார். ஆச்சி வினவியவையோ இரு வேறு வினாக்கள். முதலாவதற்குத் தொழினுட்பத்திடம் விடை உண்டு.

பணியிடக் கைக்கருவிகளைக் காக்கும் மென்பொருளின் அடிப்படை மறையாக்கம் ஆகும். கருவியில் பதியப்படும் ஒவ்வோர் எழுத்தும் இரகசியத் திறப்பொன்றினால் குழப்பி வைக்கப்படுகின்றது. கடவுச்சொல் அறியாதவன் கருவியை உடைத்து நினைவகத்தைப் பெயர்த்தெடுத்தாலும் அவனுக்குக் கிட்டுவது பொருளற்ற குறிகளே. இதன்மேல் அலுவலகம் தொலைவிலிருந்தே கருவிகளை மேற்பார்வை செய்யும் ஏற்பாடு அமைகின்றது. எக்கருவி எங்குள்ளது, பூட்டப்பட்டுள்ளதா என்பவற்றை அது காட்டும். காணாமற்போன கருவியின் உள்ளடக்கத்தை முற்றாக அழிக்குமாறும் கட்டளையிடும். விளம்பரங்களில் இவ்வழித்தலே பெரிதும் புகழப்படுகின்றது. ஆனால் அக்கட்டளை கருவியைச் சென்றடைய வலையமைப்புத் தொடர்பு வேண்டும். திருடியவன் தொடர்பைத் துண்டித்துவிட்டால் கட்டளை காற்றோடு போய்விடும். எனவே காப்பது மறையாக்கமே. ஏனையவை அதற்குத் துணை.

மறையாக்கம் இல்லாதவிடத்து நேர்வது யாது என்பதற்கு ஆப்கானிஸ்தான் சான்றாகும். அமெரிக்கப் படையினர் அங்கு மக்களின் கைரேகையையும் கருவிழியையும் பதிவதற்குக் கைக்கருவிகளைப் பயன்படுத்தினர். அவற்றுள் ஒன்றான 'சீக் 2' என்னும் கருவியை, 2022 இல் ஜேர்மனியைச் சேர்ந்த 'கேயோஸ் கம்பியூற்றர் கிளப்' ஆய்வாளர்கள் 'ஈபே' இணையச் சந்தையில் 68 டொலருக்கு வாங்கினர். ஒரு நல்ல சப்பாத்தின் விலை! கருவியின் நினைவட்டையில் 2,632 பேரின் பெயர், படம், கைரேகை, கருவிழிப் பதிவு ஆகியன மறையாக்கமின்றி அப்படியே கிடந்தன. அது இறுதியாகப் பயன்பட்டது 2012 இல், கந்தகாருக்கு அண்மையில். பத்தாண்டுகளாக அப்பெயர்கள் கைமாறிக்கொண்டிருந்தன. பெயருக்குரியோர் அதனை அறியார். இதற்கு முந்திய ஆண்டு தலிபான்கள் காபூலைக் கைப்பற்றியபோது இவ்வகைக் கருவிகள் அவர்கள் வசமானதாகவும் செய்திகள் வெளிவந்தன. அமெரிக்கருடன் பணியாற்றியோரின் விபரங்களும் இத்தகைய கருவிகளில் பதியப்பட்டிருந்தன என்பதை எண்ணுகையில் 1983 இன் வாக்காளர் இடாப்பு கண்முன் தோன்றுகின்றது.

ஆச்சியின் இரண்டாவது வினா இதனினும் கடினமானது. திறப்பை வைத்திருப்பது அலுவலகம். அவ்வலுவலகமே பட்டியலை வேறொருவரிடம் கையளிக்க முடிவு செய்யின் எப்பூட்டும் அதனைத் தடுக்காது. ஏனெனில் அங்கு பூட்டு உடைக்கப்படுவதில்லை, முறைப்படி திறக்கப்படுகின்றது. இவ்விடத்தில் மென்பொருள் விற்போர் மௌனமாகிவிடுகின்றனர். அவர்களைக் குறை கூறிப் பயனில்லை. அது சட்டத்தின் வேலை. கணக்கெடுப்பில் பெறப்படும் தனியாள் விபரங்களை வெளியிடலாகாது என்று கணக்கெடுப்புச் சட்டம் விதிக்கின்றது. 2022 இல் தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்கும் 9 ஆம் இலக்கச் சட்டமும் நிறைவேறியது; எனினும் அதன் முக்கிய பகுதிகள் நடைமுறைக்கு வருவது பின்தள்ளப்பட்டது. இலண்டனிலும் ரொறன்ரோவிலும் பிள்ளைகளை வைத்திருக்கும் வல்வெட்டித்துறைத் தாய்மார், வீட்டில் இல்லாதவர் பற்றிக் கேட்கப்படும்போது குரலைத் தாழ்த்துவது சட்டத்தை அறியாமையால் அன்று. சட்டங்கள் இருந்த காலத்திலேயே அவர்கள் பட்டியல்களைக் கண்டவர்கள்.

கணக்கெடுப்பு முடிந்த பின்னர்க் கருவிகளுக்கு நேர்வது யாது என்பதையும் எவரும் கேட்பதில்லை. காகிதப் படிவத்தை எரிக்கலாம். எரிந்ததைக் கண்ணாற் காணலாம். கைக்கணினியோ பழுதாகும், கைமாறும், பழைய பொருட்களோடு விலைபோகும். மறையாக்கம் செய்யப்பட்ட கருவியாயின் அதன் இரகசியத் திறப்பை மட்டும் அழித்தாற் போதும். எழுத்துகள் எஞ்சியிருப்பினும் எவராலும் வாசிக்கவியலாது. அது சில நிமிட வேலை. 68 டொலருக்கு விலைபோன கருவியில் அவ்வேலையைச் செய்வதற்கு அழிக்கத்தக்க திறப்பே இருக்கவில்லை.