பெட்டைக் குட்டிகள் எங்கே போகின்றன?

வாலிநோக்கத்தில் நாய் வளர்ப்பைப் பார்க்கப் போகிறவருக்கு முதலில் கண்ணில் படுவது வேறு தொழில்கள்தான். ஏர்வாடிக்கும் மாரியூருக்கும் நடுவே கடலை ஒட்டிக் கிடக்கிறது ஊர். ஒருபுறம் மன்னார் வளைகுடா மீன்பிடி, மறுபுறம் தமிழ்நாடு உப்பு நிறுவனத்தின் பாத்திகள், அதற்கும் அப்பால் சீமைக்கருவேலங்காடு, பனை, கரிமூட்டம், ஆட்டுப்பட்டிகள். இந்த எல்லா இடத்திலும் நாய் இருக்கிறது. மீன் இறங்கும் கரையில் திரிவது யாருக்கும் சொந்தமில்லாத நாய். பட்டியில் இருப்பது பெயர் வைத்துக் கூப்பிடும் நாய். இந்த இரண்டுக்கும் உள்ள உறவுதான் என்னை இந்தப் பக்கம் இழுத்தது. நாயைச் சேர்த்துவிட்டு, ஈத்துப் பார்த்து, குட்டி வளர்த்துக் கைமாற்றுவதை இங்கே யாரும் தொழில் என்று சொல்வதில்லை. ஆனால் அதற்குக் கைப்பழக்கம் வேண்டும், பொறுக்கத் தெரிந்த கண் வேண்டும், அப்பன் பாட்டனிடமிருந்து வந்த அறிவு வேண்டும். அப்படிப் பார்த்தால் அதுவும் ஒரு கைத்தொழில்தான். கைத்தொழில் என்று ஒத்துக்கொண்டால் அதற்குரிய கடமையையும் ஒத்துக்கொள்ள வேண்டும். அந்தக் கடமை நிறைவேறியதா என்று அறிய ஒரே கேள்வி போதும் என்று நினைக்கிறேன்: ஓர் ஈத்தில் பிறந்த பெட்டைக் குட்டிகள் ஒரு வருஷம் கழித்து எங்கே இருக்கின்றன?

தொழிலின் நல்ல பக்கத்தை முதலில் சொல்ல வேண்டும். இராமநாதபுரம் சீமையின் ஆட்டுக்காரர்கள் வெகுகாலமாக மந்தையோடு நடப்பவர்கள். அறுவடை முடிந்த வயல்களில் கிடை போட்டு, நிலத்துக்கு உரம் கொடுத்து, அதற்குக் கூலி வாங்கிக்கொண்டு காவிரிப் படுகை வரைக்கும் போவார்கள். கிடையில் மந்தைத் தலைவரான கீதாரி ராத்திரி கொஞ்சம் கண்ணயர வேண்டுமென்றால் நரிக்கும் திருடனுக்கும் குரல் கொடுக்கிற நாய் வேண்டும். இந்தச் சீமையின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் மண்டை நாய் அப்படிப்பட்ட காவலுக்குப் பேர்போனது. பெரிய தலை, கனத்த தாடை, அகன்ற நெஞ்சு. விரட்டிப் பிடிப்பதற்கென்றே ஒல்லியாக அமைந்த கன்னி, சிப்பிப்பாறை நாய்களுக்கு நேர் எதிரான உடல்வாகு. இன்று பட்டிகளில் நிற்பவை பெரும்பாலும் கலப்புதான். அதனால் குறைவொன்றும் இல்லை. ஆட்டுக்காரர் குட்டி எடுக்கும்போது பார்ப்பது தாயை. தாய் ஆட்டின்மேல் பல் வைக்காததா, அந்நியரைக் கண்டால் குரைத்து நிறுத்துவதா, பாய்ந்து கடிப்பதா, மந்தையை விட்டு ஓடிப்போவதா என்று பார்க்கிறார். நாய்க்காட்சி நடுவர் அளந்து பார்க்கும் எதையும்விட இந்தக் கேள்விகள் குட்டியின் எதிர்காலத்தைச் சரியாகச் சொல்லும். குணம் அமைவதில் தாய்வழிக்கும் தாயோடு இருக்கும் காலத்துக்கும் பெரிய பங்கு உண்டு.

அந்தக் காலத்தைப் பற்றி அறிவியல் சொல்வதும் பட்டி அனுபவம் சொல்வதும் ஒன்றே. நாயின் சினைக்காலம் சுமார் 63 நாள். குட்டி கண் திறக்க 10 முதல் 14 நாள் ஆகும். மூன்றாம் வாரத்திலிருந்து பன்னிரண்டாம் வாரம் வரைக்கும் குட்டி யாரைப் பார்த்து வளர்கிறதோ அவர்களையே தன் கூட்டமாக எடுத்துக்கொள்ளும். அமெரிக்காவின் பார் ஹார்பரில் பல ஆண்டுகள் குட்டிகளை வளர்த்துப் பார்த்த ஸ்காட், ஃபுல்லர் இருவரும் 1965இல் வெளியிட்ட நூலின் முக்கியமான முடிவு இதுதான். 1970களின் பிற்பகுதியில் ரேமண்ட் காப்பிங்கர் குழுவினர் ஐரோப்பிய மந்தைக்காவல் நாய்களை அமெரிக்கப் பண்ணைகளில் விட்டுப் பார்த்தபோதும், சிறு வயதிலேயே செம்மறிகளோடு வளர்ந்த குட்டிதான் நல்ல காவலாக வந்தது. ஆட்டுக்குட்டிகளை அடைக்கும் கூடாப்புக்குப் பக்கத்திலேயே நாய்க்குட்டியையும் வைத்து, ஆட்டு வாசத்தோடு வளர்க்கிற கிடைக்காரருக்கு இது புதிய செய்தி அல்ல. இந்த அறிவு கையில் இருக்கும்போதே அதற்கு நேர் எதிரான காரியமும் நடக்கிறது என்பதுதான் என் வருத்தம். முப்பது நாளில், பால்குடி மறக்கும் முன்பே, குட்டிகள் கைமாறுகின்றன. கேட்டு வருகிறவர்கள் கடுவனையே கேட்கிறார்கள். பெட்டை மிஞ்சுகிறது.

மிஞ்சுவதற்குக் காரணம் தெளிவு. பெட்டை வருஷத்துக்கு இரண்டு தடவை பருவத்துக்கு வரும். அப்போது ஊரில் உள்ள கடுவன்கள் எல்லாம் வாசலில் வந்து நின்று சண்டை போடும். பிறகு ஈத்து, மறுபடியும் குட்டிகளுக்கு ஆள் தேட வேண்டும். அந்தத் தொல்லையை யாரும் கைநீட்டி வாங்க விரும்புவதில்லை. அதனால் பெட்டைக் குட்டிகள் சாக்கில் ஏறுகின்றன. சந்தைப்பேட்டை, பேருந்து நிலையம், மீன் கரை, கருவேலங்காட்டு ஓரம் என்று எங்காவது இறக்கிவிடப்படுகின்றன. முன்பு கண் திறப்பதற்குள் கொன்றுவிடும் வழக்கமும் பல ஊர்களில் இருந்தது. வேண்டாத குட்டியைக் கரையில் விட்டால் மீன் தின்று பிழைத்துக்கொள்ளும் என்பது இதைச் செய்கிறவர்கள் தங்களுக்குச் சொல்லிக்கொள்ளும் ஆறுதல். உண்மையில் பாதிக்கு மேல் பிழைப்பதில்லை என்று எந்தக் கணக்கும் இல்லாமலே சொல்லலாம்போல் இருக்கிறது. ஆனால் எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது பிழைத்தவற்றின் கதை. பார்வோ நச்சுயிரியிலிருந்து தப்பிய ஒரு பெட்டை, முதல் வயதை எட்டும் முன்பே அதே கரையில் தானும் ஈனக்கூடும். ஆக, மீன் கரையில் திரியும் சொந்தக்காரரில்லாத நாய்களில் பல, ஏதோ ஒரு வீட்டில் திட்டமில்லாமல் நடந்த ஈத்தின் வழித்தோன்றல்கள். தெருநாய்ப் பிரச்சினை என்று நாம் தனியாகப் பிரித்துப் பேசுவதன் ஒரு வாய்க்கால் வீட்டு முற்றத்தில்தான் தொடங்குகிறது.

அதன் விலையைக் கொடுப்பவர்களும் இதே மக்கள்தான். காங்கயம், வெள்ளகோவில் பக்கம் பட்டிக்குள் புகுந்து நாய்கள் ஆடுகளைக் கடித்துக் குதறியதால் விவசாயிகள் இறந்த ஆடுகளோடு சாலைக்கு வந்து போராடினார்கள். சாயல்குடி, கடலாடிப் பக்கம் காட்டைவிட்டுத் தண்ணீர் தேடி வரும் புள்ளிமான்கள் நாய்க்கடியில் செத்த செய்திகள் வருகின்றன. கடலோரங்களில் பங்குனி ஆமையின் முட்டைக் குழிகளைத் தோண்டுவதும் நாய்கள்தாம். வனத்துறை முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் வைப்பதற்கு அதுவும் ஒரு காரணம். வெறிநோய் எல்லாவற்றுக்கும் மேலே நிற்கிறது. நாய்களில் 70 விழுக்காட்டுக்குத் தடுப்பூசி போட்டால் பரவல் அறுபடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வெறிநோய்த் தடுப்பூசி வழக்கமாகக் குட்டிக்கு மூன்று மாதம் ஆகும்போது போடப்படுகிறது. ஒரு மாதத்தில் கரையில் விடப்பட்ட குட்டியை யார் பிடித்து ஊசி போடப் போகிறார்கள்?

சட்டம் இதையெல்லாம் யோசித்திருக்கிறது. 2017ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகள்படி 18 மாதம் நிறையாத பெட்டையைச் சேர்க்கக் கூடாது. எட்டு வயதுக்கு மேலும் கூடாது. வருஷத்துக்கு ஓர் ஈத்துக்கு மேல் கூடாது, வாழ்நாளில் ஐந்துக்கு மேல் கூடாது. எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. விற்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிய வேண்டும். நல்ல விதிகள்தான். ஆனாலும் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். ஐந்து ஈத்து, ஈத்துக்கு ஆறு குட்டி என்றால் ஒரே தாயிடமிருந்து முப்பது குட்டிகள். ஏறக்குறையப் பாதி பெட்டைகள். ஒவ்வொன்றுக்கும் பத்துப் பன்னிரண்டு வருஷம் நிலைக்கும் வீடு வேண்டும். வாலிநோக்கம் மாதிரி ஓர் ஊரில் பதினைந்து பெட்டைகளுக்கு வீடு கண்டுபிடிக்க முடியுமா? சட்டம் விட்ட எல்லை வரைக்கும் போவது பொறுப்பு ஆகாது. மேற்பார்வை இருந்தாலே போதும் என்பதும் சரியல்ல. நாட்டினங்களைக் காப்பதற்கென்று சென்னை சைதாப்பேட்டையில் அரசே நடத்திய நாய் இனப்பெருக்க நிலையத்தில் விலங்குகள் இருந்த நிலையைப் பார்த்து, அதை மூடும்படி 2016இல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. எண்ணிக்கையைக் குறியாக வைத்தால் அரசாங்கமும் தவறும்.

இங்கேதான் வலுவான மறுப்பு எழும். வீட்டில் குட்டி எடுப்பவர்கள் நிறுத்திவிட்டால் மண்டை, கன்னி, கோம்பை போன்ற நாட்டினங்கள் அழிந்துபோகாதா? இந்தக் கவலை எனக்கும் உண்டு. வெளிநாட்டு நாய்க்கு ஆயிரம் ஆயிரமாகக் கொட்டிய காலத்திலும் இவற்றைக் காப்பாற்றி வைத்தது கூரை வீடுகளும் ஆட்டுப்பட்டிகளும்தான்; சங்கங்களும் அரசும் பிறகே வந்தன. 2005இல் இராஜபாளையம் நாய்க்கு அஞ்சல்தலை வந்தது. 2020இல் தேசிய விலங்கு மரபணு வள நிறுவனம் இராஜபாளையம், சிப்பிப்பாறை, முதோல் மூன்றையும் பதிவு செய்தது. மண்டை அந்த மூன்றில் இல்லை. ஆனால் ஓர் இனம் பிழைப்பது குட்டிகளின் எண்ணிக்கையால் அல்ல, அவற்றுக்குள் இருக்கும் இரத்த வேறுபாட்டால். அண்ணன் தங்கையையும் அப்பன் மகளையும் சேர்த்துப் பிறந்த நூறு குட்டிகளைவிட, உறவில்லாத நான்கு தாய்களின் பத்துக் குட்டிகள் இனத்துக்குப் பெரிய சொத்து. ஆட்டில் கிடாயை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது தெரிந்த கைகளே நாயில் அதை மறக்கின்றன. காரணம், பக்கத்தில் கிடைக்கும் கடுவன் பெரும்பாலும் அதே ஈத்தில் வந்தது. தோற்றத்துக்காகப் பொறுக்கினால் என்ன ஆகும் என்பதற்கு இராஜபாளையமே சாட்சி. தூய வெள்ளையும் இளஞ்சிவப்பு மூக்கும் வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கியதில், நிறமி குறைந்த அந்த உடம்புகளில் பிறவிச் செவிடு நிலைத்துவிட்டது. காவலுக்கு வளர்க்கும் நாய்க்குக் காது கேட்காவிட்டால் இனம் காப்பாற்றப்பட்டதாக எப்படிச் சொல்ல முடியும்?

ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு நாட்டினம் என்ற சொல்லுக்குக் கிடைத்த மதிப்பு நல்லதுதான். கூடவே சந்தையும் வந்தது. காணொளி பார்த்துவிட்டுத் தொலைதூர நகரங்களிலிருந்து குட்டி கேட்கிறார்கள். நாள் முழுக்க ஓடப் பிறந்த நாய் இரண்டாவது மாடி வீட்டில் கட்டுண்டு கிடக்கிறது, ஒரு வருஷத்தில் வேண்டாததாகிறது. கன்னியை விற்பதில்லை, பார்த்துக்கொள்வேன் என்று வாக்குக் கொடுப்பவருக்கே கொடுப்பது என்ற வழக்கம் தென்மாவட்டக் குடும்பங்களில் இருந்ததாகப் பலரும் சொல்கிறார்கள். அந்த வழக்கத்தை ஏழ்மையான காலத்தின் பெருந்தன்மை என்று ஒதுக்கிவிட முடியாது. அதில் ஒரு நடைமுறை இருந்தது: கொடுப்பவருக்கு வாங்குபவரைத் தெரியும், அவர் வீட்டைத் தெரியும், பிறகு போய்க் கேட்க உரிமை உண்டு. காசு கைமாறினால் அந்த உரிமை போய்விட வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

இன்னொரு மறுப்பு, இந்தப் பொறுப்பெல்லாம் வசதியானவர்களுக்கு, அன்றாடம் உப்பளத்துக்கோ கடலுக்கோ போய் வருகிறவரிடம் கேட்கலாமா என்பது. செலவைப் பற்றிய பயம் நியாயமானது. பெட்டையின் கருத்தடை அறுவைக்கு ஊர்க் கால்நடை மருந்தகத்தில் வசதி அரிது. ராமநாதபுரம் வரைக்கும் கொண்டுபோக வேண்டியிருக்கும், ஒரு நாள் கூலியும் போகும். ஆனால் கேட்கும் காரியங்களில் முதன்மையானதற்குச் செலவே இல்லை. பருவம் வந்த மூன்று வாரமும் பெட்டையைக் கட்டிவைப்பதும், குட்டிக்கு ஆள் சொல்லிவைக்கும் வரைக்கும் கடுவனைச் சேர்க்காமல் இருப்பதும் காசு கேட்பதில்லை. ஒரு தடவையாவது ஈன்றால்தான் பெட்டை ஆரோக்கியமாக இருக்கும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அதற்கு மருத்துவ ஆதாரம் இல்லை. வெறிநோய்த் தடுப்பூசியை அரசு மருந்தகங்கள் முகாம் வைத்து இலவசமாகவே போடுகின்றன.

எதிர்முனையிலிருந்து வரும் கேள்வியும் உண்டு: தெருவில் இத்தனை நாய் இருக்கும்போது வீட்டில் ஒரு குட்டிகூட எதற்கு? 2025 ஆகஸ்டில் தில்லித் தெருநாய்கள் பற்றி உச்ச நீதிமன்றம் பிறப்பித்து, பிறகு திருத்திய உத்தரவுகளை ஒட்டி இந்தக் குரல் ஓங்கியது. நகரத்துக்கு இது பொருந்தலாம். கிடைக்கு நாய் தேவை, அதுவும் குணம் தெரிந்த தாயின் குட்டி தேவை. பட்டியில் வளராத தெருநாயைக் கூட்டிவந்து ஆட்டுக்குக் காவல் வைக்க முடியாது. அதனால் குட்டி எடுப்பதையே குற்றம் என்று நான் சொல்லமாட்டேன். எத்தனை, யாருக்காக, பெட்டைக்கு என்ன வழி என்ற மூன்றுக்கும் பதில் இல்லாமல் எடுப்பதைத்தான் குற்றம் என்கிறேன்.

2023ஆம் ஆண்டு விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள் வளர்ப்பு நாயின் தடுப்பூசிக்கும் கருத்தடைக்கும் அதன் சொந்தக்காரரே பொறுப்பு என்கின்றன. ஈத்து நடந்த வீட்டில், கைமாறும் வரைக்கும் ஒவ்வொரு குட்டிக்கும் சொந்தக்காரர் அந்த வீட்டார்தான். ஆகவே கடுவன் குட்டிக்கு வாங்கும் பணத்தில் ஒரு பங்கு அதன் உடன்பிறந்த பெட்டையின் அறுவைக்கு என்று எடுத்துவைக்க வேண்டும். ஆள் கிடைக்காத பெட்டை அந்த வீட்டிலேயே இருக்க வேண்டும். ஆறு மாதம் ஆனதும் அறுவை செய்து, பிறகு கேட்பவருக்குக் கொடுக்கலாம். அறுவை முடிந்த பெட்டை பருவத்துக்கு வராது, கடுவன்களை வாசலுக்கு இழுக்காது, காவலில் கடுவனுக்குக் குறைந்ததும் இல்லை. தை, மாசியில் கிடைகள் வெளியூர் கிளம்பும் முன் கடலாடி, சாயல்குடி வட்டாரத்தில் கால்நடைத் துறை ஓர் அறுவை முகாம் போட்டால், ராமநாதபுரம் வரைக்கும் நாயைத் தூக்கிப் போகிற கூலிக் கணக்கும் அடிபட்டுப் போகும்.