திருப்புளி யார் கையில்?

வண்டி வைத்திருப்பவர்களில் இரண்டு வகை உண்டு. வண்டியில் ஒரு சிறு மாறுதல் வேண்டுமென்றால் உடனே திருப்புளியைத் தேடுகிறவர்கள் ஒரு வகை. மணிபர்ஸைத் தேடுகிறவர்கள் மற்றொரு வகை. முதல் வகையார் இரண்டாம் வகையாரைச் சோம்பேறிகள் என்று நினைக்கிறார்கள். இரண்டாம் வகையார் முதல் வகையாரைக் கஞ்சர்கள் என்று நினைக்கிறார்கள். இரண்டு கட்சியார் சொல்வதிலும் கொஞ்சம் வாஸ்தவம் இருக்கிறது. ஆனால் விஷயம் அவ்வளவோடு முடிந்துவிடுவதாக எனக்குத் தோன்றவில்லை.

இந்த வழக்கை விசாரிப்பதற்குக் கீழப்பழுவூர் நல்ல இடம். பழுவூர் என்றதும் உங்களுக்குப் பழுவேட்டரையர் ஞாபகம் வந்திருப்பார். 'பொன்னியின் செல்வன்' படித்தவர்களுக்கு வேறு ஞாபகம் வருவதற்கு நியாயம் இல்லை. பழு என்றால் ஆலமரம். சம்பந்தர் பாடிய இந்த ஊர்க் கோயிலுக்கும் ஆலந்துறை என்றுதான் பெயர். ஆனால் கடைவீதியில் வந்து நிற்கிறவனுக்கு ஆலமரமும் தெரியாது, அரசர்களும் தெரியமாட்டார்கள், வண்டிகள்தான் தெரியும். திருச்சியிலிருந்து சிதம்பரம் போகும் சாலையும், அரியலூரிலிருந்து தஞ்சாவூர் போகும் சாலையும் இங்கே சந்தித்துக்கொள்கின்றன. சுற்றிலும் சுண்ணாம்புக்கல் பூமி. அதை நம்பி எழுந்த சிமெண்டு ஆலைகள். ஆகையால் லாரிகளுக்குப் பஞ்சமே இல்லை.

டீக்கடைப் பெஞ்சில் அரைமணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். தொழிற்சாலையிலிருந்து வந்தது வந்தபடியே இருக்கிற வண்டி அபூர்வமாகத்தான் கண்ணில் படும். ஒரு மொபெட்டின் இரு பக்கமும் பால் கேன் தொங்க இரும்புக் கொக்கி. ஒரு டிராக்டரின் தலைமேல் தகரக் கூரை. அதற்குள் பாட்டுப் பெட்டி. ஓர் இளைஞனுடைய மோட்டார் சைக்கிளில் சத்தத்தை அடக்க வேண்டிய குழாயே சத்தம் போடுவதற்கென்று மாற்றப்பட்டிருக்கிறது. இவற்றில் எது வீட்டுத் திண்ணையில் நடந்த வேலை, எது பட்டறையில் நடந்த வேலை என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட முடியாது.

லாரியின் கதையோ இன்னும் வேடிக்கை. பெரும்பாலும் அது முழு வண்டியாகப் பிறப்பதே இல்லை. தொழிற்சாலை கொடுப்பது எஞ்சினும் சட்டமும் சக்கரங்களுந்தான். அதற்குமேல் பாடி கட்டுவது வேறொருவர் கைவேலை. லாரிக்கு நாமக்கல் வட்டாரம், பஸ்ஸுக்குக் கரூர் என்று அந்தத் தொழில் நம் நாட்டில் பெயர் வாங்கியிருக்கிறது. எவ்வளவு கெட்டிக்கார முதலாளியானாலும் தன் லாரிக்குத் தானே பாடி கட்டிக்கொள்வதாகக் கேள்விப்பட்டதில்லை.

மாட்டு வண்டிக் காலத்தில் இந்தச் சந்தேகமே எழவில்லை. எது யார் வேலை என்பது தீர்மானமாகியிருந்தது. குடத்தைக் கடைந்து, ஆர்க்கால் செருகி, வட்டை பூட்டிச் சக்கரம் செய்வது தச்சர் வேலை. அதற்கு இரும்புப் பட்டா போடுவது கொல்லர் வேலை. பட்டாவைச் சக்கரத்தைவிட ஒரு துளி சிறியதாகவே அடிப்பார்கள். வறட்டியை வட்டமாக அடுக்கித் தீ மூட்டி, இரும்பு சிவக்கக் காய்ந்து விரிந்ததும் குறடுகளால் தூக்கிச் சக்கரத்தின்மேல் இறக்குவார்கள். உடனே தண்ணீர் ஊற்றினால் இரும்பு சுருங்கி, ஆர்க்கால்களையெல்லாம் ஒன்றோடொன்று இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். கண நேரம் பிந்தினால் மரம் கருகிவிடும். முந்தினால் பட்டா இறங்காது. இதை வீட்டில் செய்து பார்க்கலாமென்று எந்தக் குடியானவரும் நினைத்ததில்லை. ஆனால் அச்சுக்கு மை போடுவதையும், கடையாணி சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதையும் அவர் யாரிடமும் விட்டதில்லை. விடியற்காலையில் மாட்டைப் பூட்டுமுன் அவருடைய கை தானாகக் கடையாணிக்குப் போகும். சக்கரத்தைக் கூலி கொடுத்துச் செய்துகொண்டவர்தான் அவர். ஆனால் சக்கரம் கழன்றால் குடை சாய்வது தம்முடைய வண்டி என்பது அவருக்குத் தெரியும்.

தானே செய்கிறவர் கட்சிக்குச் சரித்திரத்தில் பெரிய சாட்சிகள் இருக்கிறார்கள். 1888-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம், ஜெர்மனியில் பெர்த்தா பென்ஸ் என்ற அம்மையார், கணவர் கார்ல் பென்ஸ் செய்த மோட்டார் வண்டியை அவரிடம் சொல்லாமலே எடுத்துக்கொண்டு, இரண்டு பிள்ளைகளுடன் மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்குப் புறப்பட்டார். நூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான பிரயாணம். வழியில் எண்ணெய்க் குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பியில் குத்தும் ஊசியால் அடைப்பை எடுத்தார். மின்சாரக் கம்பி தேய்ந்தபோது காலுறைப் பட்டியைச் சுற்றி வேலையை முடித்தார். ஆனால் பிரேக் கட்டை தேய்ந்தபோது மட்டும் ஒரு செருப்புத் தைப்பவரிடம் போய், கட்டையின்மேல் தோல் வைத்து அடிக்கச் சொன்னார். மேடு ஏற வண்டிக்குச் சக்தி போதவில்லை, இன்னொரு கியர் வேண்டும் என்பதைத் திரும்பி வந்து கணவரிடம் சொன்னார். யோசித்துப் பாருங்கள். ஊசியால் முடிந்ததை அவரே செய்தார். தோல் வேலை தெரிந்தவரிடம் தோல் வேலையைக் கொடுத்தார். எஞ்சின் வேலையை எஞ்சின் செய்தவரிடம் விட்டார். ஒரே பிரயாணத்தில் மூன்று தீர்ப்பு!

அதே 1888-ல்தான், பெல்ஃபாஸ்ட் நகரத்தில் மாட்டு வைத்தியராக இருந்த டன்லப், மகனுடைய மூன்று சக்கரச் சைக்கிள் குலுங்காமல் ஓடுவதற்காகத் தாம் செய்து பார்த்த காற்றடைத்த ரப்பர் சக்கரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். நம்முடைய கோவை ஜி. டி. நாயுடுவைச் சொல்லவே வேண்டாம். ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் ரட்ஜ் மோட்டார் சைக்கிளைக் கண்டு ஆசைப்பட்டு, ஹோட்டலில் வேலை பார்த்துப் பணம் சேர்த்து, அதை விலைக்கு வாங்கி, அக்கு அக்காகப் பிரித்துத் திரும்பப் பூட்டித் தொழில் கற்றவர். 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரு பஸ்ஸை விட்டவர். பிரித்துப் பார்த்ததனால் மிச்சமான கூலி அவருக்கு ஒரு பொருட்டல்ல. வந்த அறிவுதான் அவரை நாயுடுவாக்கியது.

ஆனால் எல்லோரும் நாயுடு ஆகிவிட முடிவதில்லை. அங்கேதான் சங்கடம். இதைக் கீழப்பழுவூரில் எனக்குத் தெரிந்த ஒரு நண்பர் விஷயத்தில் பார்த்தேன். சின்ன வயதில் போலியோ கண்டு ஒரு கால் சூம்பிப்போனவர். அரியலூரில் கணக்கு எழுதும் உத்தியோகம். பஸ் படியில் ஏறி இறங்குவதே அவருக்குத் தினசரி யுத்தம். வீட்டில் ஒரு ஸ்கூட்டர் சும்மா நின்றது. அதன் பின்புறம் இரண்டு பக்கமும் இணைப்புச் சக்கரம் பூட்டிவிட்டால் தாமே ஓட்டிப் போகலாம் என்று யோசனை வந்தது. அவருடைய அக்காள் புருஷர் உற்சாகமான மனிதர். வெல்டிங் பட்டறையில் பழக்கமுள்ளவர்.

"இதுக்குப் போய் எதுக்கு மாப்ளே அவ்வளவு பணம்? நாலு இரும்புக் குழாய், ரெண்டு பழைய சக்கரம். ஞாயித்துக்கிழமை ஒரு நாள் வேலை. நான் வச்சுத் தரேன்" என்றார்.

நண்பர் சற்று யோசித்துவிட்டு, "மாமா, கழண்டு போச்சுன்னா நான் குதிச்சு இறங்க முடியாதே" என்றார்.

அந்த ஒரு வார்த்தையில் விஷயம் முழுவதும் அடங்கியிருந்தது. இரண்டு சக்கர வண்டி திரும்பும்போது உள்பக்கம் சாயும். சாய்வதனால்தான் விழாமல் திரும்புகிறது. பக்கச் சக்கரம் பூட்டிவிட்டால் சாய முடியாது. வளைவில் பாரம் முழுவதும் வெளிப்பக்கத்துச் சின்னச் சக்கரத்தின்மேல் போய் விழும். அந்தச் சக்கரத்தைத் தாங்குகிற கை வளையலாம். பற்றவைத்த இடத்துக்குப் பக்கத்தில் இரும்பு வெளியே தெரியாமல் விரிசல் விடலாம். பின்னால் சுண்ணாம்புக்கல் லாரி வந்துகொண்டிருக்கும் சாலையில் அதைப் பரீட்சை பார்க்க முடியுமா?

இத்தகைய ஸ்கூட்டர்களை மாற்றுத்திறனாளிகளுக்கு நம் அரசாங்கமே வழங்கி வருகிறது. அந்த மாதிரிச் சக்கரங்களையே பூட்டிப் பழகிய ஒரு பட்டறையைத் திருச்சியில் விசாரித்துக் கண்டுபிடித்தார் நண்பர். ஆனால் வண்டியை விட்டுவிட்டுச் சாயங்காலம் வருகிறேன் என்று போய்விடவில்லை. போவதற்கு முன்பே வீட்டில் உட்கார்ந்து அளவெடுத்தார். ஆசனம் எவ்வளவு உயரம் இருந்தால் காலைத் தூக்கி வைக்க முடியும், ஊன்றுகோலை எந்தப் பக்கம் மாட்டினால் இறங்கும்போது கைக்கு எட்டும் என்று எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார். இந்த ஞானம் எந்தப் பட்டறையிலும் கிடைக்காது. அவருடைய உடம்புக்கு மட்டுமே தெரிந்த ஞானம். பட்டறையில் நாள் முழுவதும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். இந்த ஆணி எதைப் பிடித்திருக்கிறது, எத்தனை நாளுக்கொருமுறை இறுக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டேயிருந்தார். மெக்கானிக்குக்கு முதலில் கொஞ்சம் எரிச்சல். போகப் போக, கேட்பதற்கு முன்பே சொல்ல ஆரம்பித்துவிட்டாராம். பிறகு பதிவுப் புத்தகத்தில் மாறுதலைச் சேர்க்க வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு இரண்டு முறை நடந்தார். ஊன்றுகோல் மாட்டும் கொக்கியை மாத்திரம் அக்காள் புருஷர் செய்து கொடுத்தார். பிரமாதமான கொக்கி, மாமாவுக்கு மனக்குறை எதுவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் காலையில் நண்பர் ஸ்பானரை எடுத்துக்கொண்டு ஆணிகளைத் தொட்டுப் பார்க்கிறார்.

சட்டமும் ஏறக்குறைய இதையே சொல்கிறது. 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவுப் புத்தகத்தின் விவரங்கள் உற்பத்தியாளர் குறித்ததற்கு மாறாகப் போகும்படி சொந்தக்காரர் வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை வற்புறுத்தித் தீர்ப்பளித்தது. அதே வருஷம் வந்த திருத்தம், அனுமதியில்லாத மாறுதலுக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாறுதல் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்று வகுத்தது. ஒன்றுக்கு ஐயாயிரம்! கடைவீதியில் நின்று எண்ண ஆரம்பித்தால் சில வண்டிகளின் விலையையே அபராதம் தாண்டிவிடும். ஆனால் அதே திருத்தம் உடற்குறை உள்ளவர்களுக்காக மாற்றியமைக்கும் வண்டிக்குத் தனியே ஒரு பெயரும் இடமும் கொடுத்தது. என் நண்பரைப் போன்றவர்களைச் சட்டம் மறந்துவிடவில்லை.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. சட்டம் அந்தத் தண்டனையைச் சொல்வது சொந்தக்காரருக்கு. 'நான் செய்யவில்லை சார், கடையில் காசு கொடுத்துப் பூட்டியது' என்று சொன்னால் அவர் தப்பிவிட முடியாது. பணம் கொடுத்தால் வேலையை ஒப்படைக்கலாம். பொறுப்பை ஒப்படைக்க முடியாது.

காசு கொடுத்துச் செய்துகொள்வதெல்லாம் சரியான வேலை என்றும் நினைத்துவிடக் கூடாது. கார்களின் முகப்பில் தடித்த இரும்புக் கம்பி பூட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நல்ல கடையில், நல்ல விலை கொடுத்து வாங்கியதுதான். மோதினால் வண்டிக்குப் பாதுகாப்பு என்று நம்பிக்கை. ஆனால் கார் செய்தவர்கள் அதன் முன்பக்கத்தை வேண்டுமென்றேதான் நசுங்கும்படி செய்திருக்கிறார்கள். அது நசுங்கி அதிர்ச்சியை வாங்கிக்கொண்டால் உள்ளே இருக்கிறவர் பிழைப்பார். காற்றுப்பை விரிய வேண்டிய நேரமும் அந்த அதிர்ச்சியைக் கணக்கிட்டுத்தான் அமைந்திருக்கிறது. இடையில் இரும்புக் கம்பி நின்றால் கணக்குத் தவறிப்போகும். குறுக்கே வந்த பாதசாரியின் கதியோ சொல்லத் தரமன்று. ஆகவேதான் 2017 டிசம்பரில் மத்திய அரசு இந்தக் கம்பிகளின்மேல் நடவடிக்கை எடுக்கும்படி மாநிலங்களுக்கு எழுதியது. வீட்டில் செய்த கொக்கி குற்றமற்றது. கடையில் பூட்டிய கம்பி ஆபத்து. எங்கே செய்தது என்பது முக்கியமே அல்ல.

பின் எதுதான் முக்கியம்? என்னுடைய அபிப்பிராயத்தில், திருப்புளியையோ மணிபர்ஸையோ எடுப்பதற்கு முன் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும். 'இது கழன்று விழுந்தால் யார்மேல் விழும்?' பால் கேன் கொக்கி கழன்றால் பால் கொட்டும். அந்த நஷ்டம் நம்மோடு போயிற்று. அதை நாமே செய்து பார்க்கலாம். தவறினால் திரும்பவும் செய்யலாம். பிரேக், சட்டம், சக்கரம், விளக்கு இவையெல்லாம் நம்மை மட்டும் சேர்ந்தவை அல்ல. பின்னால் உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கும், எதிரே சைக்கிளில் வரும் முகம் தெரியாத மனிதருக்கும் அவற்றில் பங்கு உண்டு. அவர்கள் நம்மிடம் சம்மதம் கொடுக்கவில்லை. அவர்களுக்காகவாவது, தெரிந்தவருக்கு உரிய கூலியைப் பேரம் பேசாமல் கொடுத்துச் செய்துகொள்வதுதான் மரியாதை. ஐயாயிரம் ரூபாய்க்கு அலங்கார விளக்கு வாங்குகிறவர், பிரேக் பார்த்த மெக்கானிக்கிடம் ஐம்பது ரூபாய் குறைக்கச் சொல்லி வாதாடுவதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

கூலி கொடுத்த பிறகும் பக்கத்தில் ஒரு நாழிகை நின்று பார்ப்பதற்கு யாரும் தனியாகப் பணம் கேட்பதில்லை. என்ன ஆணி, எங்கே பூட்டினார், எப்போது இறுக்க வேண்டும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். தொழிலில் நாணயமுள்ளவர் அந்தக் கேள்விக்குக் கோபிக்க மாட்டார். கோபித்தால், வண்டியை வேறு பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போவது நல்லது.