எந்தக் கதை நன்றாயிருந்தது?

பேய்ப் படம் பார்த்தவர்களிடம் ஒரு விசேஷம் உண்டு. "பயமாயிருந்தது" என்று எவரும் லேசில் ஒப்புக்கொள்வதில்லை. "அப்படி ஒன்றும் பிரமாதமில்லை" என்பார்கள். சொல்லிவிட்டு, கொல்லைப்புறத்து விளக்கை அணைக்கப் போகும்போது, "கொஞ்சம் கூட வாயேன்" என்று இன்னொருவரைத் துணைக்குக் கூப்பிடுவார்கள்.

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை இரவு எங்கள் வீட்டுக் கூடத்தில் ஆறு பேர் உட்கார்ந்து 'டெட் ஆஃப் நைட்' என்ற பழைய இங்கிலீஷ் படம் பார்த்தோம். நான், என் மனைவி, மாப்பிள்ளை, கல்லூரியில் படிக்கும் பேத்தி, பக்கத்து வீட்டு ஓய்வு பெற்ற என்ஜினீயர், ஊரிலிருந்து வந்திருந்த என் அக்கா. அக்காவுக்கு எண்பது வயதாகிறது. இங்கிலீஷ் அவ்வளவாகத் தெரியாது. பேத்தி பக்கத்தில் உட்கார்ந்து காதோடு காதாகச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

இந்தப் படம் லண்டனில் ஈலிங் ஸ்டூடியோவார் எடுத்து 1945-இல் வெளிவந்தது. யுத்த காலத்தில், 1942 முதற்கொண்டு, பயங்கரப் படங்களைப் பிரிட்டிஷ் தணிக்கைக்காரர்கள் திரைக்கு விடவில்லை. ராத்திரிக்கு ராத்திரி ஆகாயத்திலிருந்து குண்டு விழுகிற தேசத்துக்குப் பேய் வேறு தனியாக எதற்கு என்று நினைத்தார்கள் போலும். யுத்தம் முடிந்ததும் முடியாததுமாக ஈலிங்காரர்கள் ஒன்றல்ல, ஐந்து பேய்க் கதைகளை ஒரே படத்தில் கட்டிக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். டைரக்டர்களே நாலு பேர்: காவல்காந்தி, கிரைட்டன், டியர்டென், ஹேமர்.

வால்டர் கிரெய்க் என்ற கட்டிடக் கலைஞர் நாட்டுப்புறத்து வீடு ஒன்றுக்குக் காரில் வருகிறார். அந்த வீட்டையும் அங்கே கூடியிருப்பவர்களையும் அதற்கு முன் பார்த்ததேயில்லை. ஆனால் எல்லாரும் தம் கனவில் திரும்பத் திரும்ப வருகிறவர்கள் என்கிறார். கனவின் முடிவு நல்லதல்ல என்றும் சொல்கிறார். அங்கிருக்கும் மனோதத்துவ டாக்டர் ஒருவர் எதையும் நம்புவதாயில்லை. கிரெய்க்குக்குப் பரிந்து ஒவ்வொருவரும் தமக்கு நேர்ந்ததைச் சொல்லத் தொடங்குகிறார்கள். பிணவண்டிக்காரன், கிறிஸ்துமஸ் விருந்து, நிலைக்கண்ணாடி, கோல்ஃப் ஆட்டம், பேசும் பொம்மை என்று ஐந்து கதைகள். முடிவில் கிரெய்க் அந்த டாக்டரின் கழுத்தை நெரித்துவிட்டு, கதைக்குள் கதையாக ஓடிப் பதறி விழித்துக்கொள்கிறார். டெலிபோன் மணி அடிக்கிறது. நாட்டுப்புறத்து வீட்டுக்கு வரும்படி அழைப்பு. படத்தின் முதல் காட்சி மறுபடியும் ஆரம்பமாகிறது. எண்பது வருஷத்துப் படத்தின் முடிவைச் சொன்னதற்கு வாசகர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

விளக்கைப் போட்டதும் அபிப்பிராயங்கள் கிளம்பின.

மாப்பிள்ளை, "மாமா, அந்தப் பொம்மைக் கதை ஒன்று போதும். மற்றதெல்லாம் அதற்குப் பக்கவாத்தியம்" என்றார். இந்த அபிப்பிராயம் அவருக்கு மட்டும் சொந்தமில்லை. படம் வந்த நாளிலிருந்து பார்த்தவர்களில் முக்கால்வாசிப் பேர் சொல்வது இதுதான். மைக்கேல் ரெட்கிரேவ் என்ற மகா நடிகர் மடியில் மரப்பொம்மையை வைத்துக்கொண்டு பேச வைக்கும் வித்தைக்காரராக வருகிறார். போகப் போக யார் யாரைப் பேச வைக்கிறார்கள் என்பது சந்தேகமாகிவிடுகிறது. அந்தப் பொம்மைக்குப் பிறகு எத்தனையோ படங்களில் எத்தனையோ பொம்மைகள் வந்துவிட்டன. எல்லாம் அதன் பேரப்பிள்ளைகள்.

என் மனைவிக்கு நிலைக்கண்ணாடிக் கதை. கல்யாணம் நிச்சயமான பெண் தன் வருங்காலக் கணவனுக்குப் பழைய சாமான் கடையிலிருந்து ஒரு கண்ணாடி வாங்கிப் பரிசளிக்கிறாள். அவன் அதில் முகம் பார்த்தால் பின்னால் தன் அறை தெரிவதில்லை; வேறு எவனோ ஒருவன் எப்போதோ வாழ்ந்த அறை தெரிகிறது. "அவள் நாலு நாள் யோசித்துக்கொண்டு நிற்கவில்லை பாருங்கள். ஓங்கி ஒரு போடு போட்டுக் கண்ணாடியை உடைத்தாளே, அதுதான் சமர்த்து" என்றாள். சொல்லும்போது என்னையும் ஒரு பார்வை பார்த்தாள். ஏன் என்று நான் கேட்கவில்லை.

பேத்திக்கு, ஆஸ்பத்திரி ஜன்னலுக்குக் கீழே பிணவண்டிக்காரன் அண்ணாந்து பார்த்து, உள்ளே ஒருவருக்கு இடமிருப்பதாகச் சொல்கிறானே, அந்த இடம்.

கோல்ஃப் கதையை எல்லாரும் ஒருமுகமாகத் திட்டினார்கள். இரண்டு சிநேகிதர்கள் ஒரே பெண்ணை விரும்பி, கோல்ஃப் ஆடித் தீர்த்துக்கொள்கிறார்கள். தோற்றவன் ஏரிக்குள் நடந்து போகிறான். ஜயித்தவன் ஆட்டத்தில் புரட்டுப் பண்ணியதால் பேயாக வந்து நிற்கிறான். வந்த பேய்க்கு மறைகிற மந்திர சைகை மறந்து போகிறது! பயங்கரப் படத்தின் நடுவில் இந்த அசட்டு விகடம் எதற்கு என்பது எண்பது வருஷமாக ரஸிகர்கள் கேட்டுவரும் கேள்வி. எனக்கு என்னவோ அது பிடித்துத்தான் இருந்தது. பொம்மை வரப்போகிறது, அதற்கு முன் ஒரு வாய் தண்ணீர் குடிக்க வேண்டாமா? என்ஜினீயர் ஒப்புக்கொள்ளவில்லை.

அவர் கதைகளையே லட்சியம் செய்யவில்லை. "ஸார், அந்த முடிவைப் பாருங்கள். தொடங்கின இடத்திலேயே வந்து முடிகிறது. ஆதியுமில்லை, அந்தமுமில்லை!" என்று பரவசப்பட்டார். அவர் சந்தோஷப்படட்டும் என்று ஒரு விஷயம் சொன்னேன். கேம்பிரிட்ஜில் இருந்த ஹாயில், பாண்டி, கோல்ட் என்ற மூன்று விஞ்ஞானிகள் இந்தப் படத்தைச் சேர்ந்து போய்ப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு வந்து, பிரபஞ்சமும் ஏன் இப்படித் தொடக்கமில்லாமல் இருக்கக் கூடாது என்று கேட்டவர் கோல்ட். அதிலிருந்து கிளம்பியதுதான் பிரபஞ்சம் என்றும் ஒரே நிலையில் இருக்கிறது என்ற சித்தாந்தம். 1948-இல் கட்டுரைகளாக வெளிவந்தது. 1965-இல் ஆகாயமெங்கும் பரவியிருக்கும் நுண்ணலைக் கதிர்வீச்சைக் கண்டுபிடித்த பிறகு அது எடுபடவில்லை. இருந்தாலும் ஒரு பேய்ப் படத்தைப் பற்றி ரஸிகர்கள் சொன்ன அபிப்பிராயங்களில் இதைவிடப் பெரியது இருக்க முடியாது. என்ஜினீயர் எழுந்து நின்றுவிட்டார்.

கிறிஸ்துமஸ் கதையைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை என்பதை அப்போது நான் கவனிக்கவில்லை.

கவனிக்காததில் ஆச்சரியமும் இல்லை. சின்னக் கதை அது. பெரிய வீட்டில் குழந்தைகள் கண்ணாமூச்சி ஆடுகிறார்கள். ஸாலி என்ற பெண் ஒளிந்துகொள்ள மாடிக்கு ஓடி, ஒதுக்குப்புறமான அறை ஒன்றில் சின்னப் பையன் தனியாக அழுதுகொண்டிருப்பதைப் பார்க்கிறாள். தன் அக்கா கான்ஸ்டன்ஸ் பொல்லாதவள் என்கிறான். ஸாலி சமாதானப்படுத்தி, படுக்க வைத்து, போர்த்தி, பாடித் தூங்கப் பண்ணிவிட்டுக் கீழே வருகிறாள். அந்தப் பையன் 1860-இல் கொலையுண்டவன் என்று பிறகு தெரிகிறது. அவ்வளவுதான். இங்கிலாந்தில் நிஜமாகவே நடந்த கொலை அது. கான்ஸ்டன்ஸ் கென்ட் என்ற பெண் ஐந்து வருஷம் கழித்துக் குற்றத்தை ஒப்புக்கொண்டாள். படத்தை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனபோது நீளம் ஜாஸ்தி என்று கோல்ஃபையும் கிறிஸ்துமஸையும் வெட்டிவிட்டார்கள். கடைசியில் கிரெய்க் எல்லாக் கதைகளுக்குள்ளும் ஓடுகிறாரே, அங்கே ஸாலியின் வீடு வந்ததும் அமெரிக்க ரஸிகர்கள் விழித்தார்களாம். வேடிக்கை என்னவென்றால், எல்லாரும் புகழும் பொம்மைக் கதையையும் யாரும் பேசாத இந்தக் கதையையும் எடுத்தவர் ஒரே காவல்காந்திதான். நானும் இதற்கு முன் இரண்டு தடவை இந்தப் படத்தைப் பார்த்து, இரண்டு தடவையும் வெட்டியவர்கள் கட்சியில்தான் இருந்தேன்.

எல்லாரும் போன பிறகு அக்கா மட்டும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

"ஏன் அக்கா, பயமாயிருக்கிறதா?"

"எனக்கென்னடா பயம்? அந்தப் பெண் கீழே இறங்கி வந்தாளே, அந்தப் பிள்ளை நிஜமாகவே தூங்கிவிட்டதா? பேத்தி சரியாகச் சொல்லவில்லை."

"தூங்கிவிட்டது. அப்புறம்தான் வந்தாள்."

அக்கா சற்று நேரம் புடவைத் தலைப்பை நீவிக்கொண்டிருந்தாள்.

என் அக்காவுக்கு ஒரு பிள்ளை இருந்தான். நாலு வயது. 1969-ஆம் வருஷம் ஐப்பசி மாதத்தில் விஷ ஜுரம் வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஐந்து ராத்திரி அக்கா கண் மூடவில்லை. ஆறாம் நாள், இவளும் விழுந்துவிடுவாள் என்று பெரியவர்கள் பயந்து, வற்புறுத்தி வீட்டுக்கு அனுப்பினார்கள். அன்றிரவு கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தவன் நான். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. விடிவதற்குள் குழந்தை போய்விட்டான். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அவன் பெயரை யாரும் சொல்வதில்லை. இங்கேயும் நான் எழுதவில்லை. இத்தனை வருஷத்தில் அந்த இரவைப் பற்றி அக்கா என்னை ஒரு வார்த்தை கேட்டது கிடையாது. கேட்கவில்லையே என்பதே எனக்குப் பெரிய உபகாரமாயிருந்தது.

"நீதானே பக்கத்தில் இருந்தாய்? அழுதானா?" என்றாள்.

நான் கதை எழுதிப் பிழைக்கிறவன். இந்தக் கேள்விக்கு மனத்துக்குள் எத்தனையோ பதில்கள் எழுதி, திருத்தி, அடித்து வைத்திருந்தேன். ஒன்றும் வாயில் வரவில்லை.

"கொஞ்ச நேரம் அழுதான். உன்னைக் கேட்டான். நரிக் கதை சொன்னேன். தூங்கினான்."

"முழுக்கச் சொன்னாயா?"

"இல்லை, அக்கா. பாதியில் நானும் தூங்கிவிட்டேன். நர்ஸ் எழுப்பித்தான் எனக்குத் தெரியும்."

இதைத்தான் நான் ஒருவரிடமும் சொன்னதில்லை. அக்கா என்ன சொல்வாளோ என்று தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அவன் முதலில் தூங்கினானா, நீயா?"

"அவன்தான்."

"நரிக் கதை என்றால் அவனுக்கு உயிர்" என்றாள் அக்கா. பிறகு, "அந்த இடத்தை மட்டும் இன்னொரு தடவை போடேன். போர்த்திவிடுகிறாளே, அது" என்றாள்.

போட்டேன். இருவரும் பார்த்தோம். பாட்டு முடிந்ததும் நிறுத்தச் சொன்னாள். கொல்லை விளக்கை அவளே போய் அணைத்துவிட்டு வந்து படுத்தாள்.

மறுநாள் காலை வாசலில் என்ஜினீயரைப் பார்த்தேன். ராத்திரியெல்லாம் பிரபஞ்சத்தை நினைத்துத் தூங்கவில்லை என்றார்.

"கேட்க மறந்துவிட்டேனே, ஸார். ஐந்தில் உங்களுக்கு எந்தக் கதை?"

"கிறிஸ்துமஸ் கதை" என்றேன்.

"அதுவா? அதில் என்ன இருக்கிறது?" என்று சிரித்துக்கொண்டே பேப்பரை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.