ஒரே பக்கம், வேறு வேறு போன்

ஒரே வைஃபை, ஒரே செய்தித் தளம், இரண்டு போன். ஒன்று ஐபோன், மற்றது பத்தாயிரத்துக்குள் வாங்கிய ஆண்ட்ராய்டு. தலைப்பும் படமும் இரண்டிலும் ஏறக்குறைய சேர்ந்தே வருகின்றன. வித்தியாசம் அதற்குப் பிறகுதான். மலிவு போனில் விரலால் தள்ளினால் பக்கம் அசையாது. சற்றுப் பொறுத்து மொத்தமாகக் குதிக்கும். உடனே ‘நெட் ஸ்லோ’ என்று சிம் கம்பெனியைத் திட்டுவோம். பாவம், நெட் தன் வேலையை முடித்துவிட்டது. கூடவே வந்த ஜாவாஸ்கிரிப்டை ஓட்ட முடியாமல் பிராசசர் திணறுகிறது. பெட்டியில் எட்டு கோர் என்று போட்டிருக்கும். ஆனால் பக்கத்துக்கான வேலையில் பெரும்பகுதி ஒரே கோரின் தலையில்தான் விழும்.

*

2007. நோக்கியா என்95-ம் ஐபோனும் அந்த ஆண்டுதான் கடைக்கு வந்தன. இரண்டின் பிரௌசருக்கும் அடியில் இருந்த எஞ்சின் வெப்கிட்தான். நோக்கியாவில் பட்டனை அழுத்தி அழுத்தி அம்புக்குறியை நகர்த்த வேண்டும். பக்கம் பெரிதென்றால் முழுப் பக்கத்தின் குட்டிப் படம் மேலே வந்து, நாம் எந்த மூலையில் இருக்கிறோம் என்று காட்டும். ஐபோனோ 320 புள்ளி அகலத் திரையை வைத்துக்கொண்டு, 980 புள்ளி இருப்பதாகப் பாவித்துப் பக்கத்தை வரையும். பத்தியை இருமுறை தட்டினால் அது மட்டும் திரை அகலத்துக்கு வந்து நிற்கும். நோக்கியாவில் 3ஜி உண்டு, அந்த ஐபோனில் அதைவிட மெதுவான எட்ஜ் மட்டும்தான். இருந்தும் படிக்கிற சுகம் ஐபோனில்தான்.

*

அடுத்தது, பக்கங்களில் வீடியோவையும் விளையாட்டையும் ஓட்டிய ஃப்ளாஷ் பற்றிய சண்டை. ஐபோனில் ஓடாது, எங்களிடம் ஓடும் என்று 2010-ல் ஆண்ட்ராய்டுக்காரர்கள் மார்தட்டினார்கள். ஓடியது, பேட்டரியையும் குடித்துக்கொண்டு. 2011 நவம்பரில் ஃப்ளாஷின் சொந்தக்காரரான அடோபியே மொபைல் ஃப்ளாஷைக் கைவிட்டது.

*

தமிழ் படிக்கிறவனுக்கு வேகமெல்லாம் அப்புறம்; எழுத்து தெரிகிறதா என்பதுதான் முதல் கேள்வி. ஆரம்பகால ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றில் தமிழ்ப் பக்கம் திறந்தால் வரிசையாகக் கட்டங்கள். எப்படியோ எழுத்துரு ஏற்றினாலும் ‘செ’யில் முன்னால் நிற்க வேண்டிய கொம்பு பின்னால் போய் நிற்கும்.

அப்போது கைகொடுத்தது ஓபெரா மினி பிரௌசர். நார்வேக்காரர்களின் சரக்கு, சாதாரண ஜாவா போனிலும் ஓடும். முகவரிப் பெட்டியில் ஓபெரா, முக்காற்புள்ளி, கான்ஃபிக் என்று ஆங்கிலத்தில் அடித்தால் ஒரு அமைப்புப் பக்கம் வரும். சிக்கலான எழுத்துகளுக்கு பிட்மேப் எழுத்துரு வேண்டுமா என்று அதில் ஒரு கேள்வி. ‘யெஸ்’ கொடுத்து சேவ் செய்ய வேண்டியதுதான். ஒருவர் சொல்லி ஒருவர் என்று பரவிய வித்தை இது. அவர்களுடைய சர்வர் தமிழை ஒழுங்காகக் கோத்துப் படமாக்கி அனுப்பிவிடும். போனுக்குத் தமிழ் தெரிய வேண்டிய அவசியமே இல்லை!

பக்கத்தைக் கொண்டுவருவது, சுருக்குவது, அடுக்குவது எல்லாமே அந்த சர்வரின் பாடு. கேபி கணக்கில் காசு போன காலத்தில் அது பெரிய மிச்சம். அடித்த பாஸ்வேர்டும் அதே சர்வர் வழியாகத்தான் போனது. அதை யார் யோசித்தார்கள்?

*

‘என் ஐபோனில் குரோம்தான், சஃபாரி பிடிக்காது’ என்பவர்கள் உண்டு. ஐபோனில் எந்த பிரௌசரைப் போட்டாலும் உள்ளே ஆப்பிளின் வெப்கிட்தான் இருக்க வேண்டும் என்பது அந்தக் கம்பெனி போட்ட சட்டம். 2024-ல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு மட்டும் அதைத் தளர்த்தினார்கள். ஆக நம் ஊரில் இரண்டு போனின் குரோமை ஒப்பிடுவது, பெயர்ப்பலகையை ஒப்பிடுவது மாதிரி. உண்மையான பேதம் விளம்பரத் தடுப்பில் இருக்கிறது. சஃபாரியில் 2015-லேயே வழி வந்துவிட்டது. ஆண்ட்ராய்டு குரோமில் எக்ஸ்டென்ஷன் போட முடியாது. ஃபயர்பாக்ஸுக்குப் போனால் முடியும். மலிவு போன் வைத்திருப்பவர்கள் அதைச் செய்து பார்க்கலாம். விளம்பரக் குப்பை போனாலே ஸ்கிரிப்டில் ஒரு பெரும் பங்கு ஒழியும், பக்கம் இலகுவாக நகரும்.

*

ரேம் குறைந்த போனில் படிவம் நிரப்புவது தனி அவஸ்தை. பெயர், முகவரி, பின்கோடு எல்லாம் அடித்து முடித்து, ஓடிபி பார்க்க மெசேஜுக்குப் போய்த் திரும்பினால் பக்கம் மறுபடி முதலிலிருந்து லோடாகும். இடம் போதாமல் போனே அந்த டேபைக் கொன்றிருக்கும். ஐபோனில் 2018 முதல் ஓடிபி கீபோர்டுக்கு மேலேயே வந்து நிற்கிறது, தட்டினால் போதும். வெளியே போக வேண்டியதே இல்லை.

போன் வாங்குகிற கடையில் எல்லோரும் கேமராவைத் திறந்துதான் பார்க்கிறார்கள். நான் கனமான செய்தித் தளம் ஒன்றைத் திறந்து, கேமராவுக்குப் போய் இரண்டு படம் எடுத்துவிட்டு, திரும்பி வந்து பக்கம் அப்படியே இருக்கிறதா என்று பார்ப்பேன். டெமோ போனில் நெட் இல்லை சார் என்பார் கடைப் பையன். என் ஹாட்ஸ்பாட்டைப் போட்டுக் கொடுக்க வேண்டும்.