மங்கல வழக்கு

அயல்நாட்டிற்குக் கல்வியின் பொருட்டுச் செல்லும் பிள்ளை எதைப் பெற்று வரும், எதை இழந்து வரும் என்னும் கவலை நம் குடும்பங்கள் பலவற்றில் உண்டு. அக்கவலை தவறன்று. ஆயினும், புதியதொரு வழக்கத்தைக் கண்டவுடன் ஏற்பதா, தள்ளுவதா என்று முடிவு கட்டுமுன், அதன் உட்கருத்து யாதெனக் கேட்டறியும் பொறுமையும் பிள்ளைகளுக்கு வேண்டும்.

என்னிடம் சிறுவயதில் ஓதிய மாணவி ஒருத்தி, வடிவமைப்புக் கலை பயில்பவள், 3 மாதப் பயிற்சிக்காக ஜப்பானின் ஒஸாக்கா நகருக்குச் சென்றிருந்தாள். சிறியதொரு மருத்துவமனைக்கு அறிவிப்புப் பலகைகள் வரையும் வேலை அவளுக்குத் தரப்பட்டது. எட்டு அறைகளுக்கும் 1 முதல் 8 வரை எண்ணிட்டு வரைந்து கொடுத்தாள். பொறுப்பாளர் நெடுநேரம் பார்த்துவிட்டு, 'முஸுக்கஷீ' என்றார். 'கடினம்' என்பது அச்சொல்லின் பொருள். வேலை கடினமென்கிறார் போலும் என்றெண்ணி, இரவெல்லாம் விழித்து அதே பலகையை இன்னும் திருத்தமாக வரைந்து சென்றாள். மறுநாளும் அதே சொல்தான். பிறர் மனம் நோகாமல் 'இயலாது' என்பதற்கே அந்நாட்டார் 'கடினம்' என்பர் என்று உடன் பணியாற்றிய பெண் விளக்கிய பின்னரே உண்மை புலனாயிற்று. இதில் நாம் வியக்க ஒன்றுமில்லை. பெண் கேட்டு வந்தவரிடம் 'பார்ப்போம்' என்று நாம் கூறும்போது, எதையும் பார்க்கப் போவதில்லை என்பது இருவருக்கும் தெரியாதா?

குறை நான்காம் எண்ணில் இருந்தது. ஜப்பானிய மொழியில் நான்கைக் குறிக்கும் 'ஷி' என்னும் ஒலியே மரணத்தையும் குறிக்கும். ஒன்பதைக் குறிக்கும் 'கு' துன்பத்தையும் குறிக்கும். ஆகவே அங்குள்ள மருத்துவமனைகள் பலவற்றில் இவ்வெண்களை அறைகளுக்கு இடுவதில்லை.

மாணவியின் உள்ளம் கலங்கியது. "ஹஜ்ரத், சகுனம் பார்ப்பது நம் மார்க்கத்தில் இல்லை என்று தாங்கள்தாம் கற்றுத் தந்தீர்கள். இப்போது என் கையாலேயே அந்த எண்ணை நீக்கலாமா? மறுத்தால் பயிற்சியே பாழாகிவிடுமோ என்று அஞ்சுகிறேன்" என்று மின்னஞ்சலில் கேட்டிருந்தாள்.

நான் எழுதிய மறுமொழி இது: "மகளே, எண்ணுக்குத் தீங்கு செய்யும் ஆற்றல் உண்டென்று நம்புவது தியரா, அதற்கு நம்மிடம் இடமில்லை. நோயாளியின் செவியில் மரணம் என்று ஒலிக்கும் சொல்லைத் தவிர்ப்பது வேறு. நீ கற்ற மொழிகளையே எண்ணிப் பார். பாம்பு தீண்டியவனை அரபிகள் 'ஸலீம்', அதாவது நலமுற்றவன் என்றனர். உயிர் குடிக்கும் பாலைவனத்தை 'மஃபாஸா', பிழைத்தேறும் இடம் என்றனர். தமிழில் நன்னூலார் இதனை மங்கலம் என்று பெயரிட்டுத் தகுதி வழக்கில் சேர்த்தார். உன் தாயார் விளக்கை அணைக்கச் சொல்லமாட்டார், அமர்த்தச் சொல்வார். நீ புறப்பட்டபோது 'போகிறேன்' என்றா சொன்னாய்? எனினும் உன் நம்பிக்கையை மறைக்க வேண்டாம். பொறுப்பாளரிடம் மரியாதையுடன் அதைச் சொல்லிவிட்டு வேலையைச் செய்."

அவளும் அவ்வாறே சொன்னாள். அவர் முறுவலித்து, "நானும் நம்புவதில்லை. ஆனால், கட்டிலில் கிடப்பவரோடு நாம் வாதிட முடியுமா?" என்றாராம். 'போய் வருகிறேன்' என்னும் நம் வழக்கை அவள் எடுத்துரைத்தபோது அவர் பெரிதும் மகிழ்ந்தார். வீட்டை விட்டுப் புறப்படும் ஜப்பானியர் நாள்தோறும் சொல்லும் 'இத்தேகிமஸு' என்பதற்கும் 'போய் வருகிறேன்' என்பதே பொருள்! பலகையில் 1, 2, 3, 5, 6, 7, 8, 10 என்று எண்கள் ஏறின.

அந்நாட்டு நடைபாதைகளில் பார்வையற்றோர் காலால் உணர்ந்து நடக்கப் புடைப்புக் கற்கள் பதித்திருப்பதையும் அவள் எழுதியிருந்தாள். மியாகே செய்இச்சி என்பவர் உருவாக்கிய அவை, 1967இல் ஒக்கயாமா நகரில் முதன்முதலாகப் பதிக்கப்பட்டன. நீண்ட கோடுகள் 'நட' என்றும், புள்ளிகள் 'நின்று கவனி' என்றும் அறிவிக்கும். சென்னை மெட்ரோ நிலையங்களில் அவற்றின்மீது பலமுறை நடந்தவள், அவற்றின் பொருளை அங்கேதான் அறிந்தாள்.

பெற்றோரே! வெளிநாடு செல்லும் பிள்ளைக்கு நம்பிக்கையின் எல்லையைக் கற்பித்து அனுப்புங்கள். அவ்வெல்லைக்குள் நின்று பிறரைக் கேட்டறியும் பழக்கத்தையும் கற்பியுங்கள். முன்னது இல்லாதவர் எதையும் ஏற்பர். பின்னது இல்லாதவர் எதையும் கல்லார்.