கால் ஒடிந்த நண்டு

ஐப்பசி பிறந்துவிட்டால் பழவேற்காட்டில் எனக்குச் சளி பிடித்துவிடும். ஏரிப் பக்கமிருந்து ஈரக்காற்று அடிக்கும், கூரை ஓலை நனைந்து வாடை வீசும், நான் ஆயாவின் சேலைக்குள் சுருண்டு கிடப்பேன். ஆயா நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் கரைக்குப் போவாள்.

1990-களின் கரை அது. வலையில் பட்ட சேற்று நண்டுகளை ஏஜென்ட் எடை போடுவார். இரண்டு கொடுக்கும் முழுசாக இருந்தால்தான் விலை. உயிரோடு கட்டி, ஈரச் சாக்கு போர்த்தி, சிங்கப்பூருக்கு விமானம் ஏற்றுவார்கள். கொடுக்கு போனது, கால் ஒடிந்தது தனியே விழும். அதுதான் எங்கள் வீட்டுக்கு.

அம்மியில் மிளகு, சீரகம், தோலோடு பூண்டு. பிறகு அதே அம்மியில் நண்டுக் காலை வைத்து ஒரு நசுக்கு. ஓட்டுக்குள் இருக்கும் சாறு அப்போதுதான் இறங்கும். புளி கொஞ்சமாகத்தான் கரைப்பாள். மண்சட்டியில் ஓடு சிவந்து நுரை கட்டியதும் இறக்கிவிடுவாள். "ஒரு மொடக்கு குடிச்சிக்க நைனா, சளி ஓடிப்பூடும்." கண்ணிலும் மூக்கிலும் நீர் வழியக் குடிப்பேன். அவள் ஒரு காலின் கூர்நுனியால் இன்னொரு காலுக்குள் இருக்கும் சதையைக் குத்தி எடுத்து என் வாயில் வைப்பாள். நூல் நூலாகப் பிரியும் அந்த வெள்ளைச் சதையின் இனிப்பு இன்னும் நாக்கில் இருக்கிறது.

காய்ச்சலுக்கு நண்டு ஆகாது என்பாள். அதற்குக் கஞ்சியும், காரம் குறைத்த கிழங்கான் குழம்பும். பிள்ளை பெற்ற வீட்டில் பால்சுறாப் புட்டு. பால் ஊறும் என்று நம்பினார்கள். இரவில் நொச்சி இலை போட்ட வெந்நீரில் ஆவி.

அப்பாவுக்குக் கெளுத்தி முள் குத்திய நாள் மறக்காது. கடுப்பு தோள் வரை ஏறி, அவ்வளவு பெரிய மனிதர் அழுதார். ஆயா பொறுக்கிற சூட்டில் வெந்நீர் வைத்து, அதில் கையை அமுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஆற ஆறச் சுடுநீர் ஊற்றினாள். கடுப்பு மெல்ல இறங்கியது. கெளுத்தி முள்ளின் நஞ்சு புரதம், சூட்டில் சிதைந்துவிடும் என்று பல வருடம் கழித்துப் படித்தேன். மருத்துவர்களும் முதலுதவியாக அதையே சொல்கிறார்கள். அவளுக்கு யார் சொன்னார்களோ.

பிறகு ஏரியின் முகத்துவாரம் அடிக்கடி தூர்ந்துபோனது. கடல் தண்ணீர் ஏறாத ஏரியில் இறால் குஞ்சு ஏது, நண்டுக் குஞ்சு ஏது? இப்போது ஆயாவும் இல்லை.

போன மழையில் என் மகளுக்குச் சளி. காசிமேட்டுக்குப் போனேன். கூடையில் முழு நண்டுகள் கயிறு கட்டிக் கிடந்தன. கால் ஒடிந்தது இருக்கிறதா என்று கேட்டேன். நண்டுக்கார அம்மா என் முகத்தைப் பார்த்தார்.

"ரசத்துக்கா? கொயந்தைக்கு சளியா?" என்று கேட்டபடியே கூடையின் அடியில் கைவிட்டுத் தேட ஆரம்பித்தார்.